சரும மேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் வயது 46. சுருக்கம் குறையட்டும் என்று வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் அமிலம், ரெட்டினால் மூன்றையும் தினமும் போட்டு வந்தேன். இப்போது முகம் இறுகுகிறது. வழக்கமான மாய்ஸ்சரைசர்கூட எரிகிறது. இதில் எது ஒத்துக்கொள்ளவில்லை?

பதில்: அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் மூன்றையும் நிறுத்துங்கள். நேற்றுவரை ஒத்துக்கொண்ட க்ரீமே எரிகிறதென்றால், பெரும்பாலும் மேல்தோலின் காப்பு அடுக்கு பழுதாகியிருக்கும். முகத்தில் அதன் தடிமன் 0.02 மி.மீ.கூட வராது. அங்குள்ள செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருப்பதால்தான் தோலின் நீர் ஆவியாகாமல் நிற்கிறது. வயது ஏற ஏற இந்தக் கொழுப்பு குறைவாகவே சுரக்கும். அமிலமும் ரெட்டினாலும் சேர்ந்து தோலை வேகமாக உரித்தால், இழந்ததை ஈடுகட்ட நேரம் கிடைப்பதில்லை. நீர் வற்றிய தோலில் கோடுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும்!

நான்கு வாரத்துக்குக் காலையில் வெறும் தண்ணீர், இரவில் மட்டும் சோப்பு கலக்காத க்ளென்சர். வெந்நீர் கூடாது. சோப்பைத் தவிர்க்கச் சொல்வது ஏனென்றால், அதன் பி.எச். (அமில-கார அளவு) 9-10, தோலுக்கோ 5-ஐ ஒட்டி. ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் செராமைடும் கிளிசரினும் உள்ள வாசனையற்ற க்ரீமைத் தடவுங்கள். மூக்கோரம், வாயோரம் எரிந்தால் மேலே மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி. பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும். அதுவும் எரிந்தால் துத்தநாக ஆக்சைடு வகைக்கு மாறுங்கள்.

எரிச்சல் முழுவதும் அடங்கியபின் ரெட்டினால் மட்டும், வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, நன்றாகக் காய்ந்த முகத்தில். கிளைகாலிக் அமிலம் உங்களுக்குத் தேவையே இல்லை என்போம். வீக்கம், நீர்க்கசிவு, கண்ணைச் சுற்றிச் செதில் இருந்தால் காத்திராமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அது ஒவ்வாமையாக இருக்கலாம்.

கேள்வி: செராமைடு க்ரீம் சுருக்கத்தைப் போக்குமா?

பதில்: வறட்சியால் தெரியும் மெல்லிய கோடுகள் சில நாட்களிலேயே மங்கும். நெற்றியில் விழுந்த ஆழமான மடிப்பு மறையாது. தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் குறைந்ததும், தசை திரும்பத் திரும்பச் சுருங்கியதும் சேர்ந்த விளைவு அது. கொலாஜனைச் சிதைப்பதில் புற ஊதா ஏ கதிருக்குப் பெரும் பங்கு உண்டு, அது ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவரும் சன்ஸ்கிரீன் போட வேண்டும்.

கேள்வி: 10 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) போட்டால் முகம் சிவக்கிறதே?

பதில்: செராமைடு சுரப்பைக் கூட்ட 2 முதல் 5 சதவீதமே போதும். குறைந்த அளவுக்கு மாறுங்கள்.