அந்த 32 இலக்க எண்ணை அனுப்பியிருந்தால்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கைப்பேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், கேஒய்சி புதுப்பிக்காததால் மாலைக்குள் என் சிம் முடங்கிவிடும் என்றும், தாம் அனுப்பும் குறுஞ்செய்தியை அப்படியே நிறுவனத்தின் எண்ணுக்கு அனுப்பினால் போதும் என்றும் கூறினார். அதில் 32 இலக்க எண் ஒன்றுதான் இருந்தது. ஓடிபி எதையும் அவர் கேட்கவில்லை. சந்தேகம் வந்து அனுப்பாமல் விட்டுவிட்டேன். என் ஓய்வூதியக் கணக்கும் வைப்புத்தொகையும் இந்த எண்ணோடுதான் இணைந்துள்ளன. நான் கவலைப்பட வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அனுப்பாமல் விட்டதால் அந்த வழியில் உங்களுக்கு ஆபத்து நேரவில்லை. ஆனால் ஓடிபி கேட்காததாலேயே அழைப்பைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். தனி அட்டையாக இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்முக்கு இ-சிம் என்று பெயர். அந்தச் சில்லின் அடையாள எண்ணுக்கு 32 இலக்கங்கள் உண்டு. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் அழைத்தவருடைய கைப்பேசிக்கு உரியதாகத்தான் இருக்கும். அதை உங்கள் எண்ணிலிருந்து அனுப்பினால், சிம்மை அந்தக் கருவிக்கு மாற்றித் தருமாறு நீங்களே விண்ணப்பித்ததாக ஆகிவிடும். உறுதிசெய்யச் சொல்லி நிறுவனம் அனுப்பும் செய்திக்கும், "ஒன்று என்று போடுங்கள் அம்மா" என்று அவரே பக்குவமாகச் சொல்லித் தருவார். மாற்றம் முடிந்ததும் உங்கள் சிம் செயலிழக்கும். வங்கியின் ஓடிபி நேரே அவர் கைக்குப் போகும்போது உங்களிடம் கேட்பானேன்?

வீட்டில் வைஃபை இருந்தால் சிக்னல் போனதே தெரியாது. வாட்ஸ்அப் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்க, மேல் மூலையில் டவர் கோடுகள் மறைந்ததை யாரும் பார்ப்பதில்லை. காரணமின்றி அவை மறைந்தால், வேறொரு கைப்பேசியிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு கைப்பேசி நிறுவனத்தை அழையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் புகார் செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேர்வதை வங்கி ஏற்க வேண்டும். ஆகவே, பேரப்பிள்ளை வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கும் ஒரு மணி நேரம்கூட விலை உயர்ந்தது.

வைப்புத்தொகையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பல வங்கிகளில் அதை இணையவழியிலேயே முன்கூட்டி முடித்துச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடலாம். கிளைக்குச் சென்று, அந்த வசதியை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், இணையவழிப் பணப்பரிமாற்றத்தின் தினசரி உச்சவரம்பை உங்கள் மாதச் செலவுக்குத் தக்கபடி குறைத்துவிடுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கில் யுபிஐ வைத்துக்கொள்வதை நான் விரும்புவதில்லை. சில ஆயிரம் ரூபாய் மட்டும் இருக்கும் வேறொரு கணக்கு அதற்குப் போதும்.

அந்தக் குறுஞ்செய்தியை அழிக்க வேண்டாம். பணம் இழக்காத இத்தகைய அழைப்புகளைத் தெரிவிக்கவே, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது; அழைத்த எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டு, செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அங்கே பதிவுசெய்யுங்கள்.