பீட்டர் கிரீன் திரும்பி வந்தாரா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வருடங்களாகக் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறேன். ப்ளூஸ் இசை பற்றிய உங்கள் பழைய கட்டுரை ஒன்றின் வழியாகப் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனை அறிந்தேன். 1968-ல் வெளிவந்த அவருடைய 'ஆல்பட்ராஸ்' என்ற வாத்திய இசை என்னைப் பித்துப்பிடிக்க வைத்தது. பிறகு, மனநோயால் பல ஆண்டுகள் மறைந்திருந்த அவர் தொண்ணூறுகளின் இறுதியில் மேடையில் வாசித்த காணொளியைப் பார்த்தேன். பருத்து, வயது முதிர்ந்த ஒருவர் தடவித் தடவி வாசிக்கிறார். மனம் கசந்துவிட்டது. இதைப் போய் மறுவருகை என்று ரசிகர்கள் கொண்டாடுவது வெறும் இரக்கம் அல்லவா? எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் இல்லாமல் அந்த இசை பிறந்திருக்குமா? மேதைமைக்கு அவர் கொடுத்த விலைதானே அந்த வீழ்ச்சி? அவருடைய தொனி கிடைக்க எந்தக் கிட்டாரை வாங்கலாம் என்பதையும் தெரிவித்தால் மகிழ்வேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இசை பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றை வாசித்து ஒதுக்கிவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதம் வந்த வாரம் முழுவதும் நான் கிரீனின் பிற்காலப் பதிவுகளையே கேட்டுக்கொண்டிருந்ததால் இதை எழுதுகிறேன். உங்கள் மீது கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

கிட்டார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கிரீன் வாசித்தது 1959-ல் செய்யப்பட்ட கிப்சன் லெஸ் பால். அதன் தந்திகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப்புகள் இரண்டு உண்டு. கழுத்துப் பக்கம் இருந்ததில் காந்தம் திசைமாறி அமைந்திருந்தது. இரண்டையும் ஒருசேர ஒலிக்கவிட்டால் ஒன்றன் அலையை மற்றது பகுதியளவு அழித்துவிடும்; அடிநாதம் மெலிந்து, மூக்கால் பாடுவது போன்ற, உள்ளே ஏதோ காலியாக இருப்பது போன்ற ஓர் ஒலி எஞ்சும். இதை வைத்து உலகெங்கும் ஒரு சிறு வணிகமே நடக்கிறது. காந்தத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கிரீன் ஆகிவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஆனால் அதே கிட்டார், அதே காந்தத்துடன், எழுபதுகளின் தொடக்கத்தில் கேரி மூர் என்ற கிட்டார் கலைஞரின் கைக்குப் போயிற்று. அவர் மோசமான கலைஞர் அல்லர். 1995-ல் அதே கிட்டாரைக் கொண்டு கிரீனின் பாடல்களையே ஒரு முழு ஆல்பமாக வாசித்துத் தன் ஆசானுக்குக் காணிக்கையாக்கினார். கேட்டுப்பாருங்கள். முதல் சில நொடிகளிலேயே அது மூர் என்று தெரிந்துவிடும். ஒரு ஸ்வரம் போதுமான இடத்தில் ஐந்து வந்து விழும். பிற்பாடு அந்தக் கிட்டார் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிர்க் ஹாமெட்டிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை வாசித்தாலும் நம் காதில் விழுவது ஹாமெட்தான், கிரீன் அல்ல. ஆகவே கையில் இருக்கும் கிட்டாரையே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்.எஸ்.டி. இல்லாமல் அந்த இசை பிறந்திருக்குமா என்ற உங்கள் கேள்வியும் காந்தத்தைத் தேடும் கேள்விதான். அதனால்தான் கோபம். லண்டனின் பெத்னல் கிரீனில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்து, இறைச்சிக் கடையில் தொழில் பழகிய பையன், புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் விலகிய இடத்தில் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவில் வந்து நின்றபோது, கூட்டத்திலிருந்து கிளாப்டன் எங்கே என்று கத்தினார்கள். அந்தக் கூட்டத்தின் முன் அவர் வேகத்தைக் காட்டியிருக்கலாம். பெரும்பாலானோர் அதைத்தான் செய்திருப்பார்கள். அவரோ 1967-ல் வெளிவந்த 'தி சூப்பர்நேச்சுரல்' என்ற வாத்திய இசையில், ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து, ஆம்ப்ளிஃபையரின் ஒலியே தந்தியை மீண்டும் அதிரவைக்கும் பின்னூட்டத்தில் அது தானாக வளரும்வரை அடுத்ததைத் தொடாமல் காத்திருக்கிறார். அப்போது வயது இருபது. அந்தக் காத்திருப்பை எந்த மருந்துக் குப்பி கொடுத்தது என்கிறீர்கள்? அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றது அது. போதையிலும் குழப்பத்திலும் ஆழ்ந்திருந்த நாட்களில் அவர் செய்த பதிவு எது என்று பார்க்க வேண்டுமானால், தான் தொடங்கிய ஃப்ளீட்வுட் மேக் குழுவை விட்டு விலகிய 1970-ஆம் ஆண்டிலேயே வந்த 'தி எண்ட் ஆஃப் தி கேம்' இருக்கிறது. முன்திட்டமில்லாமல் வாசித்துத் தள்ளியதை வெட்டி எடுத்துத் தொகுத்த ஆல்பம். இடையிடையே மின்னல் உண்டு, காத்திருப்பு இல்லை.

மியூனிக் கதையை நீங்களும் வாசித்திருப்பீர்கள். 1970 மார்ச்சில், ஐரோப்பியப் பயணத்தின் நடுவே, பணக்கார இளைஞர்களின் கூட்டுவாழ்வு இல்லம் ஒன்றுக்குப் போனார், எல்.எஸ்.டி. எடுத்தார், பழைய மனிதராகத் திரும்பவில்லை என்று சொல்வார்கள். ஒரே இரவு, ஒரே குற்றவாளி என்று கதை கச்சிதமாக இருப்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே 'மேன் ஆஃப் தி வேர்ல்ட்' வெளிவந்துவிட்டது. எல்லாம் வாய்த்தும் எதுவும் ஒட்டாத ஒருவனின் புலம்பல் அது. பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிய அந்தப் பாட்டை நாடே முணுமுணுத்தது. பாடியவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது பயாஃப்ராவில் பட்டினி கிடந்த குழந்தைகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, சம்பாதிப்பதையெல்லாம் கொடுத்துவிடுவோம் என்று குழுவினரிடம் மன்றாடினார். தன் குழுவுக்கே டிரம்ஸ் வாசிப்பவரின் பெயரையும் பேஸ் வாசிப்பவரின் பெயரையும் சேர்த்து 'ஃப்ளீட்வுட் மேக்' என்று வைத்தவர் அவர். தன் பெயரை அதில் சேர்க்கவில்லை. போதை அவருடைய மனச்சிதைவு நோயைத் தூண்டியிருக்கலாம், விரைவுபடுத்தியிருக்கலாம். அப்படியானால் அது செய்தது கெடுதல் மட்டுமே. விலை என்கிறீர்களே, விலை கொடுத்தால் ஏதாவது பொருள் கைக்கு வரவேண்டும் அல்லவா? அவர் கைக்கு என்ன வந்தது?

வந்தவை இவை. கல்லறையில் குழி வெட்டும் வேலை, மருத்துவமனையில் எடுபிடி வேலை, மின்னதிர்ச்சி சிகிச்சை. 1977-ல் தன் கணக்காளரைத் துப்பாக்கியைச் சொல்லி மிரட்டியதற்காகக் கைதானார். பணம் கேட்டு மிரட்டவில்லை, இனிமேல் பணம் அனுப்பாதே என்றுதான் மிரட்டினார் என்றே இன்றுவரை சொல்லப்படுகிறது. 1979-ல் 'இன் தி ஸ்கைஸ்' ஆல்பத்தோடு ஒருமுறை திரும்பினார். சில ஆண்டுகளில் மறுபடியும் மறைந்தார். அந்த இரண்டாவது இருட்டில் அவர் விரல் நகங்களைக் கிட்டார் தொட முடியாத அளவுக்கு நீளமாக வளரவிட்டிருந்தார். இதை முதன்முதலில் வாசித்த நாளில் என் விரல்களை நானே பார்த்துக்கொண்டேன்.

அந்த நகங்களை வெட்டிக்கொண்டுதான், எஸ்., அவர் உங்கள் காணொளியில் தெரியும் மேடைக்கு வந்தார். நண்பர் நைஜல் வாட்சன் முதலானோருடன் அமைத்த 'ஸ்ப்ளிண்டர் குரூப்' அது. முன்னணி வாசிப்பைப் பல இடங்களில் வாட்சனிடம் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கி நிற்பார். இதுதான் உங்களைக் கசக்கவைத்தது போலும். ஆனால் அந்தக் காலத்தில் அவர் செய்த காரியம் ஒன்றை ரசிகர்கள் பலரும் கவனிக்கவில்லை. 1998-லும் 2000-லும் வந்த இரண்டு ஆல்பங்களில், ப்ளூஸின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் ஜான்சன் 1930-களில் பதிவுசெய்து வைத்துவிட்டுப்போன 29 பாடல்களையும், ஒன்றுகூட விடாமல், முதலிலிருந்து வாசித்தார்கள். புகழின் உச்சியில் விட்டுப்போன இடத்தைத் தேடி அவர் போகவில்லை. ப்ளூஸ் கற்கிறவன் தொடங்கும் இடத்துக்குப் போனார். குரலில் முன்பிருந்த இழைவு இல்லை. சில சொற்கள் பல்லிடுக்கில் சிக்கியதுபோல வெளிவருகின்றன. நான் இதைப் பரிந்துரைப்பது இரக்கத்தால் அன்று.

தடவித் தடவி என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. என் தாய்மாமா எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். இடது கையில் எழுத்துகளை வரிசையாக அடுக்கும் ஸ்டிக், வலது கை ஈய எழுத்துகள் கிடக்கும் அறைகளின் மேல் கோழி கொத்துவதுபோல ஓடும். பழைய சுழி வைத்த ணை, லை எழுத்துகளைக்கூடப் பார்க்காமலே எடுப்பார். அவருக்கும் மனம் கலங்கிற்று. போதை ஏதும் அங்கே இல்லை. சிகிச்சை முடிந்து ஆறேழு வருடங்களுக்குப் பிறகு அதே அச்சகத்துக்குத் திரும்பினார். மாத்திரையால் கை நடுங்கும். கோக்கும் வேலையை முதலாளி கொடுக்கவில்லை. அச்சாகி முடிந்த பக்கங்களைப் பிரித்து, எழுத்துகளை அந்தந்த அறைகளில் திரும்பப் போடும் வேலையைக் கொடுத்தார். அது பழகுகிற பையன்கள் செய்யும் வேலை. வீட்டில் எல்லோரும், பழைய ஆள் இல்லை, என்று அவர் காதுபடவே பேசினார்கள். பன்னிரண்டு வயதில் நானும் போய்க் கேட்டேன், ஏன் மாமா இவ்வளவு மெதுவாகச் செய்கிறீர்கள் என்று. ஓர் ஈய எழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் வெட்டை விரலால் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "எது எந்த அறைன்னு கைக்கு ஞாபகம் இருக்கான்னு பாத்துக்கிட்டிருக்கேன் மாப்ளே." அவர் முகத்தில் வருத்தம் ஏதும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பக்கத்தை அவர் பிரித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

காணொளிகளை விடுங்கள். ராபர்ட் ஜான்சன் பாடல்களின் முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.