லைசன்ஸ் திரும்பக் கிடைக்க காப்புறுதிக் கடிதம் வேண்டுமா?

கேள்வி: குடித்துவிட்டு ஓட்டியதற்காக நீதிமன்றம் என் சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தியது. தவணை முடியப்போகிறது. "இன்சூரன்ஸ் கம்பெனி எஸ்.ஆர்-22 அனுப்பினால்தான் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும்" என்கிறார் கலிபோர்னியா மச்சான். இங்கும் அப்படியா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. எஸ்.ஆர்-22 என்பது உங்களுக்குக் காப்புறுதி இருக்கிறது என்று உறுதிசொல்லும் படிவம். அங்கே அதைக் காப்புறுதி நிறுவனமே மாநிலத்துக்கு அனுப்பும். வழக்கமாக 3 வருடம் காப்புறுதி அறுபடக்கூடாது. கட்டணம் கட்டாமல் அது ரத்தானால் கம்பெனியே அறிவித்துவிடும். லைசன்ஸ் மறுபடி போய்விடும். கார் இல்லாதவருக்கும் இதற்கென்று தனிக் காப்புறுதி உண்டு.

இங்கே இலங்கையில் அந்தப் படிவம் கிடையாது. நீதிமன்றக் கட்டளை முடிந்ததா என்பதுதான் விஷயம். ஆனால் கார் சும்மா நிற்கிறதே என்று காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். அதுவும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் காருக்கான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை காலி வீதிக்குப் பால்மா வாங்கக்கூட காரை எடுக்காதீர்கள். நான் காப்புறுதியில் வேலை பார்த்தபோது, விபத்து நடந்த இடத்தில் நசுங்கிய பம்பரைப் பார்க்குமுன் கேட்பது, "ஐயா, லைசன்ஸைக் காட்டுங்கோ." செல்லுபடியான லைசன்ஸ் இல்லையென்றால், முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் உங்கள் கார்ச் சேதத்துக்குக் காசை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், காப்புறுதியைப் புதுப்பிக்கும் படிவத்தில் பழைய தண்டனை பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். தவணைக் கட்டணம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும். மறைத்தது பிறகு தெரிந்தால் இழப்பீட்டையே மறுக்க அவர்களுக்கு அது போதும்.