உக்ரைன் போர் பற்றிப் பேசும் 'நிபுணர்'களை எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஒரு தமிழ் யூடியூப் சேனலுக்கு உலகச் செய்தி ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். உக்ரைன் போர் என்றால் வியூஸ் நன்றாக வருகிறது. எடிட்டர் தினமும் இரண்டு மூன்று ஆங்கிலப் பேட்டிகளின் லிங்க் அனுப்பி, சுருக்கித் தரச் சொல்வார். பேசுகிறவர்கள் ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, முன்னாள் சிஐஏ ஆய்வாளர் என்று பெரிய ஆட்கள். கமெண்டில் சிலர், 'இவங்க எல்லாம் புடின்கிட்ட காசு வாங்கினவங்க' என்கிறார்கள். வேறு சிலர், 'மேற்கத்திய மீடியா மறைக்கிறதை இவங்கதான் சொல்றாங்க' என்கிறார்கள். யார் ரஷ்யப் பிரச்சாரம் செய்கிறார், யார் உண்மையாகவே மாற்றுக் கருத்து சொல்கிறார் என்று ஸ்கிரிப்ட் எழுதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்தக் காசு விஷயத்தை விட்டுவிடுங்கள். உங்கள் மேசையில் உட்கார்ந்தபடி அதற்கு விடை காண முடியாது. விடை கிடைத்த இடங்களிலும் வருடக்கணக்கில் ஆகியிருக்கிறது. ஜெர்மனியின் ஹூபர்ட் சைப்பெலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஆர்டி தொலைக்காட்சிக்காகப் புடின் பற்றி ஆவணப்படம் எடுத்தவர், 2014-ல் அவரைப் பேட்டி கண்டவர், விருது வாங்கிய மூத்த பத்திரிகையாளர். ரஷ்யா பற்றி விவாதம் என்றால் டிவிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 2023 நவம்பரில் சைப்ரஸ் நிறுவனங்களின் ஆவணங்கள் கசிந்தபோது ஒரு ஒப்பந்தம் வெளியே வந்தது. ரஷ்யக் கோடீஸ்வரர் அலெக்சி மோர்தஷோவோடு தொடர்புடைய நிறுவனத்திடமிருந்து, புடினின் ரஷ்யா பற்றிய புத்தகத்துக்காக அவருக்கு 6 லட்சம் யூரோ. ஒப்பந்தத்தின் ஆண்டு 2018. புத்தகத்துக்கு உதவி கிடைத்ததை அவர் ஒப்புக்கொண்டார், எழுத்தில் யாரும் தலையிடவில்லை என்றார். பதிப்பகம் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனால் நடுவே ஐந்து வருடம் அவரை நடுநிலை நிபுணர் என்று நம்பிக் கேட்ட ஜெர்மானியர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

அடுத்தது இன்னும் விசித்திரம். 2024 செப்டம்பர் 4 அன்று அமெரிக்க நீதித்துறை ஒரு குற்றப்பத்திரிகை வெளியிட்டது. ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டியின் ஊழியர்கள் இருவர், டென்னசி மாநிலத்தில் இயங்கிய டெனெட் மீடியா என்ற நிறுவனத்துக்குள் சுமார் 1 கோடி டாலரை ரகசியமாக அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சேனலில் பேசியவர்கள் டிம் பூல், டேவ் ரூபின், பென்னி ஜான்சன் போன்ற பிரபல வலதுசாரி விமர்சகர்கள். வாரம் நான்கு வீடியோவுக்கு மாதம் 4 லட்சம் டாலர் என்றுகூட ஒருவருக்குப் பேரம் படிந்ததாக அதில் இருக்கிறது. பணம் தருபவர் எடுவார்ட் கிரிகோரியன் என்ற ஐரோப்பிய நிதித்துறைப் புள்ளி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அப்படி ஒரு ஆளே கிடையாது. விமர்சகர்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. தாங்களே ஏமாற்றப்பட்டதாகத்தான் சொன்னார்கள்.

ஆக, 'காசு வாங்கினாரா' என்று கேட்டால் சில சமயம் அவருக்கே பதில் தெரியாது. நீங்களாக 'கூலிக்குப் பேசுகிறார்' என்று ஸ்கிரிப்டில் எழுதிவைத்தால் அவதூறு வழக்கைத் தேடிப் போவதாகும். அப்புறம், மாஸ்கோவிடம் ஒரு பைசா வாங்காமல், முழு மனதோடு நம்பி இதையே பேசுகிறவர்களும் நிறைய. ரஷ்யாவுக்கு அவர்கள்தான் இலவச லாபம்.

எனவே ஆளை விட்டுவிட்டு, அவர் சொல்லும் தகவலைப் பிடியுங்கள். அது முதன்முதலில் எந்த வாயிலிருந்து வந்தது என்று தேடுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், பாதிக் குப்பை வடிகட்டப்பட்டுவிடும்.

ஜெலன்ஸ்கியின் ஆட்கள் அமெரிக்க உதவிப் பணத்தில் 7.5 கோடி டாலருக்கு இரண்டு சொகுசுப் படகு வாங்கிவிட்டார்கள் என்ற கதை ஞாபகம் இருக்கிறதா? 2023 நவம்பரில் யாருக்கும் தெரியாத ஒரு யூடியூப் சேனலில் அது கிளம்பியது. அடுத்து டிசி வீக்லி என்ற தளத்தில் செய்தியாக வந்தது. பெயரைப் பார்த்தால் வாஷிங்டன் பத்திரிகை மாதிரி இருக்கும். மாஸ்கோவில் வசிக்கும் ஒரு முன்னாள் ஃபுளோரிடா போலீஸ்காரரோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள், அவர் மறுத்தார். அங்கிருந்து சமூக ஊடகத்துக்கு, அங்கிருந்து அமெரிக்க அரசியல்வாதிகளின் வாய்க்கு. அப்போது செனட்டராக இருந்த ஜே.டி. வான்ஸ், ஜெலன்ஸ்கியின் அமைச்சர் பெரிய படகு வாங்கவா நம் பணம் என்கிற பாணியில் பேசினார். பணத்தைக் கொடுத்தால் படகு வாங்கிவிடுவார்கள் என்று சக உறுப்பினர்கள் சிலர் தயங்குகிறார்கள் என்று இன்னொரு செனட்டர் தாம் டில்லிஸ் வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேரத்தில் இரண்டு படகும் விற்பனைக்குத்தான் நின்றிருந்தன. பிபிசி இதை விசாரித்து எழுதியது.

இப்போது உங்கள் நிலையை யோசியுங்கள். எடிட்டர் அனுப்பும் பேட்டியில் ஒரு கர்னல், 'அமெரிக்க செனட்டர்களே பேசிய விஷயம்' என்று இதைச் சொல்வார். அதில் பொய் இல்லை, செனட்டர்கள் பேசினார்கள். நீங்கள் 'அமெரிக்க செனட்டர்களே ஒப்புக்கொண்ட ஊழல்' என்று தமிழில் எழுதுவீர்கள். கதை எங்கே பிறந்தது என்ற தடயம் அதோடு அழிந்துவிடும். இதைத் தவிர்க்க, தகவலின் முக்கியச் சொற்களை ஆங்கிலத்தில் கூகுளில் போட்டு, தேதி வரம்பைப் பின்னோக்கிக் குறைத்துக்கொண்டே போங்கள். முதலில் சொன்ன தளத்தின் மற்ற செய்திகளைப் பாருங்கள், எழுதியவரின் பெயரைத் தேடுங்கள். ஷ்பீகல், கார்டியன் போன்ற பத்திரிகைகளின் தளங்களையே அச்சு அசலாகப் போலி செய்த ரஷ்ய முயற்சி 2022-ல் அம்பலமானது. அதனால் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஏஐ சாட்பாட்டிடம் கேட்டுச் சரிபார்க்கும் ஆசை வரும், வேண்டாம். சாட்பாட்டுகள் படிக்கட்டும் என்றே ரஷ்ய ஆதரவுச் செய்திகளை லட்சக்கணக்கில் கொட்டுகிற தளங்கள் இருக்கின்றன.

முழுப்பொய்யை விடச் சிக்கலானது, கொஞ்சம் உண்மை கலந்தது. உக்ரைனில் அமெரிக்கா உயிரி ஆயுதம் தயாரிக்கிறது என்ற ஆய்வகக் கதை அப்படிப்பட்டது. உக்ரைனில் ஆய்வகங்கள் உண்டு. 2005-ல் போட்ட ஒப்பந்தப்படி அவற்றின் பாதுகாப்புக்கும் நோய்க் கண்காணிப்புக்கும் அமெரிக்கா பணம் கொடுத்ததும் உண்மை. சோவியத் காலத்து ஆபத்தான கிருமி மாதிரிகளைப் பத்திரப்படுத்தும் திட்டத்தின் தொடர்ச்சி அது. 2022 மார்ச் 8 அன்று அமெரிக்க அதிகாரி விக்டோரியா நூலண்ட் செனட் குழு முன்னால், உக்ரைனில் உயிரியல் ஆய்வு மையங்கள் இருக்கின்றன, அவற்றில் உள்ளவை ரஷ்யப் படை கையில் சிக்கிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறோம் என்றார். 'ஆய்வு மையம்' அன்றைக்கே 'ஆயுத ஆலை' ஆகிவிட்டது. மூன்று நாள் கழித்து ரஷ்யா கேட்டுக் கூட்டிய பாதுகாப்புக் கவுன்சில் கூட்டத்தில், அப்படி ஆயுதத் திட்டம் எதுவும் தங்களுக்குத் தெரியாது என்று ஐ.நா.வின் ஆயுதக் குறைப்புத் தலைவர் இசுமி நகமிட்சு சொன்னார். இது எத்தனை பேட்டிகளில் வந்தது என்று தேடிப்பாருங்கள். துண்டு கிளிப் கையில் கிடைத்தால், அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கேட்காமல் எழுதவே கூடாது.

பொய்க்கு மெய் வேடம் போட இன்னொரு வழியும் உண்டு: அமெரிக்கர் பேசுவதை ரஷ்ய டிவி காட்டும், ரஷ்ய டிவி சொன்னதை அமெரிக்கர் பேசுவார், இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி ஆகிவிடும். ஃபாக்ஸ் நியூஸில் இருந்த டக்கர் கார்ல்சனின் நிகழ்ச்சித் துண்டுகளை முடிந்த அளவுக்குப் பயன்படுத்துங்கள் என்று ரஷ்ய ஊடகங்களுக்குப் போன அறிவுறுத்தல் குறிப்பு ஒன்றை, போர் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் ஒரு அமெரிக்க இதழ் வெளியிட்டது. கார்ல்சன் பணம் வாங்கினார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருடைய பேச்சு அவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதுதான் இதில் தெரிகிறது. உங்கள் பேட்டியில் பேசுகிறவரின், 'அமெரிக்காக்காரனே சொல்றான்' என்கிற அந்தத் தகுதியும் அப்படிப் பயன்படும் சரக்குதான்.

ஒரே சம்பவத்துக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத விளக்கங்கள் வருகிறதா என்பதையும் பாருங்கள். 2022 மார்ச் 9 அன்று மரியுபோலில் மகப்பேறு மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. அங்கே நோயாளிகளே இல்லை, உக்ரைனின் அசோவ் படை பிடித்துவைத்திருந்த இடம் என்றார் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ். லண்டனில் இருந்த ரஷ்யத் தூதரகமோ, படத்தில் இருக்கும் கர்ப்பிணி நடிக்கிறார் என்றது. உள்ளே யாரும் இல்லையா, இல்லை நடிகை இருந்தாரா? 2014-ல் கிழக்கு உக்ரைனில் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் விழுந்தபோதும் இதே கதைதான். உக்ரைனின் போர் விமானம் சுட்டது என்றார்கள், பிறகு உக்ரைனின் ஏவுகணை என்றார்கள். கடைசியில் 298 பேர் இறந்த அந்த வழக்கில், ரஷ்யாவிலிருந்து வந்த புக் ஏவுகணைதான் என்று 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிப் பல விளக்கம் கொட்டுவதன் நோக்கம் எதையாவது நம்பவைப்பதுகூட இல்லை. 'என்னமோ, யாருக்குத் தெரியும்' என்று நீங்கள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தால் போதும்.

டெனெட் விவகாரத்திலும் இது வருகிறது. 2024 மார்ச் 22 அன்று மாஸ்கோவின் குரோகஸ் அரங்கில் நடந்த தாக்குதலுக்கு ஐஎஸ் அமைப்பு பொறுப்பேற்றது. பழியை உக்ரைன் மீதும் அமெரிக்கா மீதும் திருப்பும்படி ஆர்டி ஊழியர் கேட்டதாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது.

சரி, மாற்றுக் கருத்துக்காரர்கள்? இங்கேதான் நிதானம் வேண்டும். நேட்டோ விரிவாக்கம் இந்தப் போருக்கு ஒரு காரணம் என்று சொல்பவர் எல்லாம் கிரெம்ளின் ஆள் ஆகிவிட மாட்டார். பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் இதை 2014-லிருந்து வாதமாக எழுதிவருகிறார். அமெரிக்காவின் சோவியத் எதிர்ப்புக் கொள்கையை வகுத்த ஜார்ஜ் கெனனே 1997-ல் நேட்டோ விரிவாக்கத்தைப் பெரிய தவறு என்றார். இவை வாதங்கள். ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், ஸ்கிரிப்டில் தாராளமாக வைக்கலாம். 'நேட்டோ விரிவாக்கம் ரஷ்யாவைச் சீண்டியது' என்பது ஒரு வகை வாக்கியம், 'புச்சா படுகொலை நாடகம்' என்பது வேறு வகை. இரண்டாவதைச் சரிபார்க்க முடியும். கீவ் அருகே இருக்கும் புச்சாவிலிருந்து ரஷ்யப் படை 2022 மார்ச் இறுதியில் விலகிய பிறகுதான் சடலங்கள் வைக்கப்பட்டன என்றார்கள். ரஷ்யப் படை அங்கே இருந்தபோது, மார்ச் நடுவில் எடுத்த செயற்கைக்கோள் படங்களிலேயே அதே தெருவில் அதே இடங்களில் உடல்கள் தெரிகின்றன. சாமர்த்தியசாலிகள் முதல் வகையில் ஆரம்பித்து, தலையாட்ட வைத்து, நாற்பதாவது நிமிடத்தில் இரண்டாவதுக்கு வருவார்கள். சுருக்கி எழுதும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உக்ரைன் தரப்பும் கதை விட்டிருக்கிறது. 'கீவின் ஆவி' என்று கொண்டாடப்பட்ட விமானி தனி ஆளே இல்லை என்று உக்ரைன் விமானப்படையே பிறகு சொன்னது. 2022 நவம்பரில் போலந்து கிராமத்தில் இருவரைக் கொன்றது ரஷ்ய ஏவுகணை என்றார் ஜெலன்ஸ்கி. உக்ரைனின் வான்பாதுகாப்பு ஏவுகணையாக இருக்கலாம் என்று போலந்தும் நேட்டோவும் சொன்னன. எதிரியின் சாவுக் கணக்கை இரு அரசும் சொல்லும்போது அதை உண்மையாக எடுக்க வேண்டாம். பொதுமக்கள் உயிரிழப்புக்கு ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக் குழு, அணு உலை விஷயத்துக்கு சர்வதேச அணுசக்தி முகமை, ரஷ்ய வீரர்களின் இறப்புக்குப் பெயர் பெயராகச் சேகரிக்கும் மீடியாசோனா என்ற சுயாதீன ரஷ்யச் செய்தித் தளமும் பிபிசி ரஷ்யப் பிரிவும். இந்த மூன்றையும் புக்மார்க் செய்துவையுங்கள்.

பேசுகிறவரின் பழைய ஜோசியங்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஓய்வுபெற்ற கர்னல் டக்ளஸ் மெக்ரெகர் 2022 மார்ச் தொடக்கத்தில், இன்னும் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று டிவியில் சொன்னார். தவறியது அவர் மட்டும் இல்லை, கீவ் சில நாளில் விழும் என்று அமெரிக்க ராணுவத் தலைமையே கணித்தது, ரஷ்யாவிடம் ஏவுகணை தீரப்போகிறது என்று ஒவ்வொரு குளிர்காலமும் எழுதியவர்களும் உண்டு. தவறுவது குற்றமில்லை. தவறு எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதா, முன்பு சொன்னது பொய்த்ததை ஒரு தடவையாவது அவர் பேசியிருக்கிறாரா என்று பாருங்கள். விருந்தினர் ரஷ்யாவில் வசிப்பவர் என்றால், ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 வருடம் வரை சிறை என்கிற 2022 மார்ச் சட்டத்தின் கீழ் பேசுகிறார் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது, முடிந்தாலும் சம்பளம் அதற்குத் தருவதில்லை. பேட்டியில் தலைப்பாகப் போகும் அளவுக்குப் பெரிய தகவல் இரண்டுக்கு மேல் இருக்காது. அவற்றை மட்டும் மூலம் வரை தேடுங்கள். மூலம் கிடைக்கவில்லை என்றால், 'கர்னல் இப்படிச் சொல்கிறார், இதற்கு அவர் ஆதாரம் காட்டவில்லை' என்று எழுதுங்கள். தம்ப்நெயிலில் அது போகக் கூடாது. ஸ்கிரிப்டில் போட்ட 'சொல்கிறார்' தம்ப்நெயிலில் காணாமல் போவதைத் தினமும் பார்க்கிறோம்.

எடிட்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் யூடியூபின் விதியைக் காட்டுங்கள். ரஷ்ய அரசு நிதியில் நடக்கும் சேனல்களை 2022 மார்ச் 11 அன்று உலகம் முழுவதும் முடக்குவதாக அது அறிவித்தது. நன்கு ஆவணப்படுத்தப்பட்ட வன்முறைச் சம்பவங்களை மறுக்கும் வீடியோக்களை நீக்குவோம், உக்ரைன் படையெடுப்புக்கும் அது பொருந்தும் என்று அதே அறிவிப்பில் சொன்னது. டெனெட் மீடியாவின் சுமார் 2,000 வீடியோவும் 1.6 கோடிக்கு மேற்பட்ட பார்வைகளும் குற்றப்பத்திரிகை வந்த சூட்டோடு சேனலோடு சேர்த்துப் போய்விட்டன. வியூஸ் கணக்குப் பார்க்கிறவருக்கு இது புரியும்.