50 எம்எம் லென்ஸா, 35-ஆ? கேமரா கேள்வி பதில்

கேள்வி: சார், என்கிட்ட க்ராப் சென்சார் கேமராவும் அதோட வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கு. சாயங்காலம் வீட்டுக்குள்ள குழந்தைய எடுத்தா எல்லாப் படமும் ஆடிப்போய் வருது, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஏத்துனா புள்ளி புள்ளியா இருக்கு. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஒருத்தர் மட்டும் 35 வாங்குன்னு குழப்பிவிட்டாரு. எது சரி?

பதில்: அந்த ஒருத்தர் சொல்றதத்தான் நான் கேப்பேன். 50 வாங்குங்கங்கறது ஃபிலிம் காலத்துப் பழக்கம், அப்போ அதான் நார்மல் லென்ஸ், அகலமும் இல்லாம டெலியும் (தூரத்த கிட்ட இழுக்குறது) இல்லாம நடுவுல நிக்கும். உங்க க்ராப் சென்சார் (படத்த பதியற சில்லு) ஃபிலிம் சைஸ விட சின்னது, அதனால லென்ஸ் காட்டுற காட்சியோட நடுப்பகுதி மட்டும்தான் படமாகும். நிக்கான், சோனி, ஃபியூஜின்னா லென்ஸோட எம்எம்ம 1.5 ஆல பெருக்குங்க, கேனான்னா 1.6. ஆக 50 போட்டீங்கன்னா 75 இல்லன்னா 80 எம்எம் மாதிரி பார்க்கும், முகம் மட்டும் எடுக்க சூப்பர், ஆனா நிக்கிற ஆள தலைலேர்ந்து கால் வரைக்கும் எடுக்கணும்னா கேமராவ நெட்டுக்குத்தா புடிச்சாலும் கிட்டத்தட்ட 4 மீட்டர் பின்னாடி போகணும், அதுக்குள்ள முதுகு சுவத்துல முட்டிடும். 35-ன்னா 2.5, 3 மீட்டர்ல வேலை முடிஞ்சிடும்.

என் பேச்சையும் நம்ப வேணாம். கிட் லென்ஸ 35-ல வச்சு ஒரு நாள் முழுக்க ஜூம் வளையத்த தொடாம எடுங்க, மறுநாள் 50-ல வச்சு எடுங்க. எந்த நாள் எரிச்சலா இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். பழைய படங்களோட எக்ஸிஃப்ல (படத்தோட சேர்ந்து பதிவாகுற விவரம்) ஃபோகல் லென்த், அதாவது எத்தனை எம்எம்ல எடுத்ததுன்னு இருக்கும், அதையும் ஒரு தடவ புரட்டிப் பாருங்க.

வெளிச்சக் கணக்க பார்த்தா, எஃப் நம்பர் சின்னதா இருந்தா லென்ஸ் துவாரம் பெருசு; உங்க கிட் லென்ஸ் 55-க்குப் போனா எஃப் 5.6 தான். அதோட ஒப்பிட்டா எஃப் 1.8 கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் விடும், அதாவது 1/15 செகண்ட் கேட்ட இடத்துல அதே ஐஎஸ்ஓல 1/125-க்கும் கொஞ்சம் மேலயே கிடைக்கும். சும்மா உக்காந்திருக்கிற குழந்தைக்கு இது போதும். ஓடுற குழந்தைக்கு 1/250-ஆவது வேணும், அதனால ஐஎஸ்ஓவ கொஞ்சம் ஏத்தித்தான் ஆகணும், எந்த லென்ஸ் வாங்கினாலும் அதுலேர்ந்து முழுசா தப்பிக்க முடியாது.

கேள்வி: வாங்குறதே வாங்குறோம், எஃப் 1.4 வாங்கிடலாமா?

பதில்: 1.8-க்கும் 1.4-க்கும் நடுவுல முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட இல்லைங்க, மூணுல ரெண்டு பங்குதான். 1.8-ல ஐஎஸ்ஓ 3200 வைக்கிற இடத்துல 1.4-ல 2000 வைப்பீங்க, அவ்ளோதான் லாபம். பெரும்பாலும் கனமும் கூடும், விலையும் கூடும். காசு மிச்சமிருந்தா வாங்குங்க, ஆனா முதல் பிரைமுக்கு (ஜூம் இல்லாத லென்ஸ்) எந்த ஃபோகல் லென்த்ங்கறதுதான் பெரிய கேள்வி, எஃப் நம்பர் ரெண்டாம்பட்சம்.

கேள்வி: 50 எஃப் 1.8 வாங்கிட்டேன் சார். ஆனா பாதிப் படத்துல மூக்கு ஷார்ப்பா இருக்கு, கண்ணு மங்கலா இருக்கு. லென்ஸ் டிஃபெக்டா?

பதில்: அவசரப்பட்டு திருப்பிக் கொடுத்துடாதீங்க. க்ராப் கேமராவுல 1 மீட்டர் தூரத்துல எஃப் 1.8 வச்சா ஷார்ப்பா இருக்குற ஆழம் மொத்தமே சுமார் 3 சென்டிமீட்டர். நீங்க மூச்சு விடுறப்ப லேசா முன்னாடி சாஞ்சாலே ஃபோகஸ் கண்ணுலேர்ந்து நழுவிடும். இதுல நிறைய பேர் நடு பாயிண்ட்ல கண்ண ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறமா கேமராவ திருப்பி ஃப்ரேம் பண்றாங்க, கிட் லென்ஸ்ல இது ஓடும், இதுல ஓடாது. ஃபோகஸ் பாயிண்ட்ட நீங்களே கண்ணு மேல நகத்தி வைங்க, கேமராவுல ஐ ஏஎஃப் (கண்ண தானே தேடிப் புடிக்கிற ஆட்டோஃபோகஸ்) இருந்தா அத ஆன் பண்ணிடுங்க. எஃப் 2.8-க்கு இறக்கினா ஆழம் நாலரை சென்டிமீட்டர் ஆகும், படமும் இன்னும் கூர்மையாகும், விளிம்புல வர்ற ஊதா பச்சைக் கோடும் குறையும். எப்பவும் 1.8-லயே எடுத்தாத்தான் காசுக்கு மரியாதைன்னு ஒண்ணும் கிடையாது.

இவ்ளோ பண்ணியும் சரியாகலையா, கேமரா டிஎஸ்எல்ஆரா (உள்ள கண்ணாடி இருக்குற வகை), அப்போ ட்ரைபாட்ல வச்சு ஒரே பொருள வியூஃபைண்டர் வழியா ஒண்ணு, லைவ் வியூவுல (பின்னாடி ஸ்க்ரீன பார்த்து) ஒண்ணு எடுங்க. லைவ் வியூ படம் மட்டும் ஷார்ப்பா வந்துச்சுன்னா லென்ஸ் கண்ணாடி மேல தப்பில்ல, ஏஎஃப் கொஞ்சம் முன்ன பின்ன போகுது. சில பாடில மெனுவுலயே ஏஎஃப் ஃபைன் ட்யூன் இருக்கும், இல்லன்னா சர்வீஸ் சென்டர்தான்.

கேள்வி: கிட் லென்ஸ்லயே ஸ்டெபிலைசேஷன் இருக்கே, பிரைம் எதுக்கு?

பதில்: அது உங்க கை நடுக்கத்ததான் தாங்கும். ஓடுற புள்ளைய நிறுத்தாது.

கேள்வி: வெயில்ல எஃப் 1.8 வச்சு எடுத்தா படம் வெள்ளையா வெளுத்துப் போகுதே?

பதில்: நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16-ன்னா ஷட்டர் 1/100 வரும். அந்தக் கணக்குல எஃப் 1.8-க்கு 1/8000 கிட்ட வேணும், ஆரம்பநிலை பாடி நிறையவே 1/4000-ல நின்னுடும். எஃப் 2.8, 4-ன்னு இறக்குங்க, பின்னணி மங்கலா வேணும்னே அடம்புடிச்சா என்டி ஃபில்டர் (வெளிச்சத்த குறைக்கிற கருப்புக் கண்ணாடி) போடுங்க. மிரர்லெஸ்னா (உள்ள கண்ணாடி இல்லாத வகை) சிலதுல எலக்ட்ரானிக் ஷட்டர் இன்னும் வேகமா போகும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல பழைய 50 எம்எம் வாங்கலாமா?

பதில்: தாராளமா, ஆனா மவுண்ட் (லென்ஸும் பாடியும் சேர்ற இடம்) விஷயத்துல கவனம். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடில ஃபோகஸ் மோட்டர் கிடையாது, அதுல உள்ள மோட்டர் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸ மாட்டினா ஆட்டோஃபோகஸ் ஓடாது, ஏஎஃப்-எஸ்னு போட்டத பார்த்து வாங்கணும். கேனான் ஆர் வரிசை மிரர்லெஸ்ல, டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ் அடாப்டர் இருந்தாத்தான் மாட்டும், மாட்டிட்டா ஆட்டோஃபோகஸ் நல்லாவே ஓடும். கேனான்ல 2015-ல வந்த 50 எஃப் 1.8 எஸ்டிஎம் கிடைச்சா அதுக்கு முந்தின மாடல விட்டுடுங்க, பழசுல மவுண்ட்டே பிளாஸ்டிக். கைல வாங்குனதும் பின்பக்கத்துலேர்ந்து டார்ச் அடிச்சு உள்ள சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் இருக்கா, அபெர்ச்சர் (வெளிச்சம் விடுற துவாரம்) பிளேடுல எண்ணெய் பளபளக்குதான்னு பாருங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் எவ்ளோ கம்மியா கொடுத்தாலும் வேணாம்.