மேசையில் கேட்கும் சத்தம்: சிறு ஹெலிகாப்டர் பற்றிய வாசகர் கேள்விகள்

ரிமோட்டில் இயங்கும் சிறு ஹெலிகாப்டர்களைக் கட்டுவதும் பறக்கவிடுவதும் குறித்துப் பாலக்காட்டுக் கணவாயின் எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இவ்விதழில் விடை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறையை அடுத்த வயல்வெளியில் பதினாறு ஆண்டுகளாக இவற்றைப் பறக்கவிட்டும் உடைத்தும் மீண்டும் பூட்டியும் கற்றவற்றையே இங்குச் சொல்கிறேன்.

கேள்வி: வண்ணாமடையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 450 என்னும் அளவு வகையைச் சேர்ந்த ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, முழுவதும் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். தரையை விட்டு எழும்பியதும் உடல் முழுவதும் நடுங்குகிறது. வாலும் விடாமல் ஆடுகிறது. எத்தனை முறை பறக்கவிட்டுப் பார்த்தாலும் சரியாகவில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில், மேலும் பறக்கவிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். நடுக்கத்தோடு பறக்கும் ஹெலிகாப்டர் ஒவ்வொரு நிமிடமும் தன் திருகாணிகளைத் தானே தளர்த்திக்கொண்டிருக்கிறது. இந்த நோயை மேசையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். லேத்தில் சுழலும் உருளையின் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லும் காது உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதால், இந்த வேலை மற்றவர்களைவிட உங்களுக்கு எளிதாகவே வரும்.

பெரிய பிளேடுகள் இரண்டையும், வால் பிளேடுகளையும் கழற்றி வைத்துவிட்டு, ஹெலிகாப்டரை மேசையோடு அசையாமல் கட்டி, மோட்டாரை மெல்ல ஓடவிடுங்கள். இப்போதே நடுக்கம் இருந்தால் குற்றம் மோட்டாரிலோ, பல்சக்கரத்திலோ, பெரிய பிளேடுகளைச் சுழற்றும் நடுத்தண்டான மெயின் ஷாஃப்டிலோ இருக்கிறது. நடுக்கம் இல்லையென்றால் வால் பிளேடுகளை மட்டும் மாட்டி மறுபடி ஓட்டுங்கள். அதிலும் இல்லையென்றால் எஞ்சியிருப்பது பெரிய பிளேடுகளும் அவற்றைத் தாங்கும் ரோட்டர் தலையும்தாம். பழையதாக வாங்கிய இயந்திரம் என்கிறீர்கள். அது ஒரு முறையாவது விழுந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு பிடிகள் இரண்டையும் தலைக்குள் இணைக்கும் சிறிய தண்டு விழுந்த அடியில் முதலில் வளைவது. அதை உருவி எடுத்துக் கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டுங்கள்: நேராக இருந்தால் ஓசையின்றி ஓடும், முடியளவு வளைந்திருந்தாலும் தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தோன்றித் தோன்றி மறையும். 5 மில்லிமீட்டர் மெயின் ஷாஃப்டையும் இப்படியே சோதியுங்கள். வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவது உங்கள் பட்டறையில் இயலக்கூடும். ஆயினும் வேண்டாம், புதியதை வாங்கிப் போடுங்கள்.

பிறகு பிளேடுகள். இரண்டின் அடிப்பகுதியையும் ஒரே திருகாணியில் கோத்து, தராசுக் கோல்போலத் தாங்கிப் பிடித்தால், எது கனமோ அது தாழும். இலேசான பிளேடின் நுனியில் ஒட்டுப்பட்டை ஒட்டிச் சமன்செய்யுங்கள். பிளேடுகளைப் பிடியில் மாட்டுகையில் திருகாணியை இறுக்கி முறுக்கிவிடக் கூடாது. ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போலப் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்கிவிடாமலும், இலேசாக உதறினால் தழைந்து வருமாறும் இருப்பதே சரியான இறுக்கம். இவ்வளவுக்குப் பின்னும் சுழலும்போது இரண்டு பிளேடுகளும் ஒரே தளத்தில் ஓடாமல் இரு கோடுகளாகத் தெரிந்தால், ஒரு நுனியில் சிவப்புப் பட்டை ஒட்டி, பத்தடிக்கு மேல் தள்ளி நின்று, எது உயரே ஓடுகிறதென்று பார்த்து, அதன் இணைப்புக் கம்பியை அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள்.

வால் ஆடுவது, உடல் திரும்புவதை உணர்ந்து வாலை நிலையாகப் பிடிக்கும் கருவியான கைரோவை இந்த நடுக்கம் குழப்புவதாலேயே இருக்கலாம். நடுக்கம் தீர்ந்த பிறகும் வால் படபடவென ஆடினால் கைரோவின் உணர்திறன் அளவைச் சற்றுக் குறையுங்கள். ஆனால் அதற்கு முன், வால் பிளேடுகளைச் சாய்க்கும் சறுக்கி தன் தண்டின் மேல் பிடிப்பில்லாமல் ஓடுகிறதா என்று விரலால் நகர்த்திப் பாருங்கள். அது சிக்கிச் சிக்கி நகர்ந்தால் எந்த கைரோவும் அதைத் திருத்தாது.

இன்னொன்று. உலோகத்தோடு உலோகம் சேரும் ஒவ்வொரு திருகாணியிலும் திருகாணி தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு துளி இட வேண்டும். வால் பகுதியில் ஒரே ஒரு திருகாணிக்கு நான் அதை இட மறந்தேன். நான்காம் நிமிடத்தில் வால் தன் பிடியை இழந்தது. ஹெலிகாப்டர் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு போய் வரப்பில் விழுந்ததை இன்றும் கண்முன் காண்கிறேன். அறுத்த தாளடிகளுக்கு இடையே அந்தத் திருகாணியை இரண்டு மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இந்த ஹெலிகாப்டர் வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்கிறான். வாங்கித் தரலாமா? ஆபத்து உண்டா? (ஒரு தாய், வேலந்தாவளம்)

பதில்: ஓராண்டாக ஒரே பொருளைக் கேட்கும் பிள்ளைக்கு வாங்கித் தரலாம், அம்மா. ஆபத்து இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். 450 அளவில் பிளேடுகளோடு சேர்த்த சுழல் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அது நிமிடத்துக்கு 2800 முறை சுழலும்போது பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இதைப் பிள்ளையிடம் எண்ணாகச் சொல்லிவிடாதீர்கள். வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடித்துப் பெருக்கி, அவனே தாளில் கணக்கிடட்டும். தானே போட்ட கணக்கை அவன் மறக்கமாட்டான்.

ஆகையால் முதலில் உள்ளங்கையில் அடங்கும் அளவிலான, இரண்டு ரோட்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுழலும் வகையை வாங்கிக் கொடுங்கள். அது தானாகவே நிலையாக நிற்கும், கூடத்திலேயே பறக்கவிடலாம், விரலில் பட்டாலும் பெரிய காயம் ஆகாது. அதோடு, கணினியில் இயங்கும் பயிற்சி மென்பொருளும், அதில் இணைக்கக்கூடிய உண்மையான ரிமோட்டும் இருந்தால், பணத்தை அதில் செலவிடுவதே சிறந்தது என்பேன். திரையில் நூறு முறை விழுந்தாலும் ஒரு பிளேடுகூட உடைவதில்லை. பெரியதுக்கு அவன் மாறும் நாளில், மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்சு எது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொல்லுங்கள். மேசையில் வைத்துச் சரிசெய்யும்போது மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டையாவது கழற்றிவிடுவதும், ரிமோட்டை முதலில் போட்டுக் கடைசியில் அணைப்பதும் அவனுக்குப் பல் துலக்குவதுபோல வழக்கமாகிவிட வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் அதைப் பறக்கவிடக் கூடாது.

கேள்வி: மூக்கைத் தாழ்த்த வேண்டுமானால் வால் பக்கம் வரும் பிளேடுக்குத்தானே அதிகச் சாய்வு கொடுக்க வேண்டும்? என் ஹெலிகாப்டரில் பக்கவாட்டில் இருக்கும்போதே பிளேடின் சாய்வு மாறுகிறதே, ஏன்? (கல்லூரி மாணவி, மீனாட்சிபுரம்)

பதில்: பிரித்துப் பார்த்தவரே கேட்கக்கூடிய கேள்வி இது, படித்ததும் மனம் நிறைந்தது. பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் பம்பரத்தின் தலையை ஒரு பக்கமாகத் தட்டினால் அது தட்டிய திசையிலேயே சாய்ந்துவிடுவதில்லை, வேறு பக்கமாக விலகி வட்டமிடுகிறது. சுழலும் ரோட்டரும் அப்படியே. அதற்குக் கொடுத்த விசையின் விளைவு, ஏறத்தாழ 90 பாகை சுழன்ற பின்னரே வெளிப்படுகிறது. சிறு ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்பவை. ஆகவே வலப்பக்கம் வரும்போது அதிகச் சாய்வு பெற்ற பிளேடு, வாலின் மேல் வரும்போது உச்சத்துக்கு உயர்கிறது; இடப்பக்கம் குறைந்த சாய்வு பெற்ற பிளேடு மூக்கின் மேல் தாழ்கிறது. வட்டம் முழுவதும் முன்னோக்கிச் சாய, ஹெலிகாப்டரும் முன்னே செல்கிறது. ரிமோட் குச்சியின் அசைவைச் சுழலும் பிளேடுகளுக்குக் கடத்தும் சாய்தட்டான ஸ்வாஷ்பிளேட்டிலிருந்து ஏறும் கம்பி, பிளேடின் நேர் கீழே இல்லாமல் அதிலிருந்து விலகி நிற்கும் கையில் பூட்டப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

இதே கண்ணால் வாலையும் பாருங்கள். ரோட்டர் வலஞ்சுழியாகச் சுழல்வதால் உடல் இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் விசிறி வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஹெலிகாப்டர் முழுவதையும் இடப்பக்கம் நகர்த்த முயல்வதால், ஓரிடத்தில் நின்று பறக்கும் ஹெலிகாப்டர் இம்மியளவு வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும். அதைக் கோளாறு என்றெண்ணித் திருத்தப் போனவர்கள் பலர். ஜெர்மானியரான டீட்டர் ஷ்லூட்டர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்துறைக்கு வழி திறந்தபோது வாலைப் பிடித்து நிறுத்த இன்றுள்ளதுபோன்ற கைரோ கிடையாது. அந்தத் தலைமுறையினர் வாலின் ஒவ்வோர் அசைவையும் விரலாலேயே ஈடுகட்டினார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

கேள்வி: எங்கள் பக்கம் எப்போதும் காற்றுதான். எந்த மாதத்தில், எந்த நேரத்தில் பறக்கவிடலாம்? அனுமதி வாங்க வேண்டுமா? எங்கள் வயல் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். (கோவிந்தாபுரம் வாசகர்)

பதில்: ஆனி முதல் ஆவணி வரை மேலைக்காற்று கணவாய்க்குள் நெருக்கியடித்து நுழைகிறது, கார்த்திகை, மார்கழியில் நம் மலையாள அண்டைவீட்டார் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கீழைக்காற்று திரும்பி வீசுகிறது. கற்றுக்கொள்பவருக்கு மாசி, பங்குனி மாதங்களின் விடியற்காலையே நல்லது. இரண்டாம் போகம் அறுத்த வயல் வெறுமையாகக் கிடக்கும், சூரியன் ஏறும் வரை காற்றும் அடங்கியிருக்கும். தென்னையின் உச்சி ஓலையைப் பாருங்கள்; அது அசையத் தொடங்கினால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். தூசியும் வைக்கோலும் பல்சக்கரத்தில் ஏறாதிருக்க ஒரு பிளைவுட் பலகையைத் தளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

விதிகள் நடுவண் அரசுடையவை ஆதலால் இரு மாநிலங்களுக்கும் ஒன்றே. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி, வணிக நோக்கமின்றிப் பறக்கவிடும் 2 கிலோவுக்கு மேற்படாத கலத்துக்கு ஓட்டுநர் சான்று தேவையில்லை. ஆயினும் அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் வயல், முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்றும், பதிவு பற்றி இன்றைய நிலை என்ன என்றும் பார்த்துவிட்டே தொடங்குங்கள். பச்சைப் பகுதியிலும் 400 அடி உயரமே எல்லை. நம் பொழுதுபோக்குக்கு நூறடியே தாராளம்.

கேள்வி: மூன்று மாதமாகப் பழகி, வால் என் பக்கம் இருக்கும்போது அசையாமல் நிறுத்திவிடுகிறேன். மூக்கை என் பக்கம் திருப்பினால் உடனே விழுந்துவிடுகிறது. என்னால் முடியாதோ என்று தோன்றுகிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொல்லங்கோடு)

பதில்: முடியும், ஐயா. மூக்கு நம்மை நோக்கியிருக்கையில் இடமும் வலமும் மாறிவிடுவதால், எல்லாரும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். நேராக அதற்குப் போகாமல், முதலில் வாலைப் பாதியளவு திருப்பிப் பக்கவாட்டில் நிறுத்தப் பழகுங்கள். இடம், வலம் இரண்டையும் மாறி மாறி இரண்டு வாரம். அதன் பிறகு மூக்கைத் திருப்பும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல. உங்களை நோக்கி வந்தால் குச்சியை உங்கள் பக்கம் இழுங்கள். அது விலகிப் போகும். மனம் இடவலக் கணக்குப் போட நேரமே இராது. முட்டுக் கொடுப்பது கைக்குத் தானாக வந்துவிடும்.

தரையிறங்கும் சட்டத்தின் கீழே நான்கு நுனிகளிலும் பிளாஸ்டிக் பந்து செருகிய பயிற்சிக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். சாய்ந்து இறங்கினாலும் பிளேடு தரையைத் தொடாது. உயரம் ஆளளவு இருக்கட்டும். தரையை ஒட்டிப் பறந்தால் தன் காற்றே தரையில் மோதித் திரும்பி அலைக்கழிக்கும். புதியவர்கள் பயத்தால் தாழப் பறந்தே விழுகிறார்கள். ஒரு பேட்டரிக்கு ஐந்து நிமிடம் என்று ரிமோட்டில் மணி வைத்து, மணி அடித்ததும் இறக்கிவிடுங்கள். இவற்றில் பயன்படும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒவ்வோர் அறையும் முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட், அதை 3.5-க்குக் கீழே போகவிடாதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி மின்னேற்ற வேண்டாம். நாளைக் காலை முதல் பேட்டரியை இடப்பக்கத்துக்கு, இரண்டாவதை வலப்பக்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கைத் திருப்புவது மூன்றாம் வாரம்.