'ஹோம் அலோன்' ஒரு பிரெஞ்சுத் திகில் படத்தின் காப்பியா?

கேள்வி நியாயமானதுதான். கிறிஸ்துமஸ் ராத்திரி, அப்பா அம்மா இல்லாத பெரிய வீடு, உள்ளே புகும் திருட்டு ஆள், பொறி வைத்துக் காத்திருக்கும் பொடியன் என்றால் எல்லாருக்கும் 'ஹோம் அலோன்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படம்தான் ஞாபகம் வரும். ஆனால் அதற்குப் பத்து மாதம் முன்பே, 1990 ஜனவரியில், பிரான்சில் '3615 கோட் பேர் நோயெல்' வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'டெட்லி கேம்ஸ்'. இயக்குநர் ரெனே மான்சோர், பையனாக நடித்தது அவருடைய சொந்த மகன்.

3615 என்பது மினிடெல் எண். இணையம் வருவதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் போன் லைனில் மாட்டி வைத்திருந்த சின்னத் திரைப்பெட்டிதான் மினிடெல். அதில் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு படத்தின் பையன் தோமா யாரோ ஒருவனிடம் பேசுகிறான். அந்த ஆளோ, தோமாவின் அம்மா நிர்வகிக்கும் கடையில் தாத்தா வேஷம் போட்டு, ஒரு குழந்தையை அறைந்து வேலை போனவன். அதே வேஷத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறான்.

என்னை உலுக்கியது பொறிகள் இல்லை, புகைபோக்கிக் காட்சி. 'தாத்தாவைப் பார்த்துவிட்டால் அவர் அரக்கனாகிவிடுவார்' என்று அம்மா சும்மா சொல்லி வைத்திருப்பாள். பையன் ஒளிந்து பார்க்கிறான். சிவப்பு உடை இறங்கி வருகிறது, முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நிமிஷம் அந்த ஆள் இவன் நாயைக் குத்திக் கொன்றுவிடுகிறான். பாவம், தான் எட்டிப் பார்த்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று பிள்ளை நம்பிவிடுகிறான்! 'ஹோம் அலோன்' திருடன் மூஞ்சியில் பெயிண்ட் டப்பா மோதினால் நாம் சிரிக்கிறோம், இங்கே ஒவ்வொரு அடியும் வலிக்கிறது. சரி, தப்பி ஓடலாமே என்றால், கண் சரியாகத் தெரியாத, சர்க்கரை நோயாளியான பையனின் சொந்தத் தாத்தா வீட்டில் இருக்கிறார், அவரை விட்டுவிட்டு எங்கே போவது?

காப்பியா என்றால், தன் படத்தைத்தான் மறுபடி எடுத்துவிட்டார்கள் என்று மான்சோர் கோபப்பட்டது உண்மை. ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஹோம் அலோன்' படப்பிடிப்பு 1990 பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது, ஜனவரியில் பாரிஸில் ஓடிய படத்தைப் பார்த்து ஒரே மாதத்தில் கதை எழுதி, ஆள் பிடித்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நாய் வளர்ப்பவர்கள் அந்தப் புகைபோக்கிக் காட்சியை ஓட்டிவிடலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் அதை ஓட்டிவிட்டால் பையன் ஏன் அப்படி ஆகிறான் என்பதே புரியாது.